ராஜா கோரியில் எனக்காகக் காத்திருந்தவர்கள்

கல்யாணமான நாற்பதாம் நாள் நான் என் கணவரைச் சுடுகாட்டுக்கு அழைத்துப் போனேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள், அப்புறம் "பாவம்" என்பார்கள். யாரைப் பாவம் என்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

நியாயமாகப் பார்த்தால் நான் அழைத்துப் போனது சுடுகாட்டுக்கு அல்ல, அரச சமாதிகளுக்கு. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய ராஜாக்களுக்கும் ராணிகளுக்கும் எழுப்பிய சமாதிகள் வடவாற்றங்கரையில் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் ராஜா கோரி. கோரி என்றால் சமாதி. ராஜாக்கள் போன இடத்துக்கே நாமும் போவோம் என்று பிற்பாடு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியதோ என்னவோ, அதை ஒட்டியே ஊரின் சுடுகாடும் இருக்கிறது. அதற்கும் பெயர் ராஜா கோரிதான். இந்த இரண்டாவது விவரம் தஞ்சாவூரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். திருவாரூரில் பிறந்து, வரலாற்றில் எம்.ஏ. முடித்து, எங்கே இடிந்த சுவரைக் கண்டாலும் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிற எனக்குத் தெரியாது. (நான் படிச்ச புக்குல அதைப் போடலீங்க.)

என் கணவர் செல்வம் ஒரத்தநாட்டில் பம்ப் செட் மோட்டார் கடை வைத்திருப்பவர். அவருக்கு நன்றாகவே தெரியும். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் வந்தீங்க?" என்று பிறகு கேட்டேன். "புதுப் பொண்டாட்டி, எடுத்த எடுப்புலயே ஏன் மறுத்துப் பேசணும்னு பாத்தேன்" என்றார். அதற்கப்புறம் அந்தத் தயக்கம் அவருக்கு வந்ததே இல்லை.

அன்று எங்களுக்குத் தஞ்சாவூரில் விருந்து. விருந்து வைத்தவர் என் மாமியாரின் அண்ணன். செல்வத்துக்குத் தாய்மாமா, எனக்குப் பெரியப்பா முறை. ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் பட்டுப்புடவை கசங்கிவிடும் என்று அதை மடித்து, சக்கரம் வைத்த சின்னப் பெட்டி ஒன்றில் வைத்துக்கொண்டு, வெளிர் சாம்பல் நிறச் சுடிதாரில் கிளம்பினேன். வாசலில் மாமியார் ஒரு முறை நிறுத்திச் சொன்னார்.

"பன்னெண்டரைக்கு அங்க இருக்கணும். நேரம் இருந்தா பெரிய கோயிலுக்குப் போயிட்டுப் போங்க. வருஷம் திரும்புற வரைக்கும் சாவு, கருமாதின்னு ஒரு பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது, ஆமா."

நான் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினேன்.

பஸ் பத்து மணிக்கே தஞ்சாவூரில் இறக்கிவிட்டது. இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. பெரிய கோயிலை நான் எட்டு முறை பார்த்திருக்கிறேன். ராஜா கோரியை ஒரு முறைகூட இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னதும், ஓட்டுநர் பாட்டை அணைத்துவிட்டார்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ராஜாங்க" என்றேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க, சும்மா பாத்துட்டு வரணும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்லம்மா, ராஜா உங்களுக்கு அண்ணன் முறையா, மச்சான் முறையான்னு கேட்டேன்."

செல்வம் வெளியே திரும்பிக் கடைகளின் பெயர்ப் பலகைகளை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். நான் வரலாற்றை விளக்கினேன். மராட்டியர், அரச குடும்பம், ராஜா சமாதிக்கு இரு பக்கமும் ராணிகளின் சமாதிகள். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்படி இருந்தாலும் எறங்குற எடம் ஒண்ணுதாம்மா" என்றார். கரந்தையைத் தாண்டி வடவாறு வந்தது. மேட்டூர் அடைத்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் ஆற்றில் மணலும் காட்டாமணக்கும்தான் இருந்தன.

சமாதிகள் இருந்த பக்கம் ஆளே இல்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சின்னச் சின்னக் கோயில்கள் மாதிரி நின்றன. ஒன்றின் உச்சியில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் சுவரை ஐந்து விரலால் பிடித்ததுபோல இறங்கியிருந்தது. இன்னொன்றின் உள்ளே சமாதியின் மேல் ஒரு லிங்கம். யாரோ அன்று காலையில்தான் அதன் மேல் ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள். யார் வைத்தது? ராஜாவுக்கா, சிவனுக்கா? இருநூறு வருஷத்துக்கு முந்திய ராணியின் பெயர் தெரிந்த ஒருத்தர் இந்த ஊரில் இன்னும் இருக்கிறாரா? சுவரில் சுதைச் சிற்பமாக ஒரு பெண் கைகூப்பி நின்றாள். முகம் உதிர்ந்து போயிருந்தது, வளையல்கள் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெளிவாக இருந்தன. எனக்கு ஆயிரம் கேள்வி. பதில் சொல்ல இருந்தவர் ஒரே ஒருத்தர், அவரும் மோட்டார்க் கடைக்காரர்.

"இதுக்குள்ள எப்படிங்க இருட்டா இல்லாம இருக்கு?"

"மேல ஓட்டை" என்றார்.

நான் புதருக்குள் புகுந்து புகுந்து பார்த்தேன். புதர் முழுக்கப் பார்த்தீனியம். அந்தச் செடி எனக்கு ஆகாது. பத்து நிமிஷத்தில் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தும்மல் மேல் தும்மலாக வந்தது. முகத்தைக் கழுவினால்தான் ஆயிற்று என்று தண்ணீர்க் குழாய் தேடி, செல்வம் பெட்டியை இழுத்து வர, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்ட பக்கமாக நடந்தேன்.

அங்கே ஒரு கொட்டகையின் கீழ் முப்பது, நாற்பது ஆண்கள் நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பெரியவர் மாலைகளுக்கிடையே படுத்திருந்தார். திரும்பிவிடலாம் என்று நினைத்த அதே நொடியில் பெரிய தும்மல் ஒன்று வந்தது. நாற்பது தலையும் திரும்பியது. தோளில் துண்டும் கட்டிப்போன தொண்டையுமாக இருந்த மீசைக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"வந்துட்டியாம்மா! ஏர்போர்ட்டுலேர்ந்து நேரா வர்றியா? ஒனக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். ஏய், வழி விடுங்கப்பா, சிங்கப்பூர் பேத்தி வந்தாச்சு!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி வழி விட்டதில்லை.

பின்னாலே தெரிந்துகொண்ட விவரம் இது. இறந்தவர் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர், கடைசிக் காலத்தில் தஞ்சாவூரில் குடியிருந்தவர். மகள் வழிப் பேத்தி ஒருத்தி சிங்கப்பூரில். ஆறு வயதில் வந்துவிட்டுப் போனவள். அதற்கப்புறம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவள் முகம் பார்க்காமல் தன்னை எடுக்கக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தாராம். இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, தகன மேடைக்குக் குறித்த நேரம் நெருங்கியதால் இங்கே கொண்டு வந்துவிட்டார்கள். அவளை அடையாளம் தெரிந்தவர், சிங்கப்பூர் போய்ப் பார்த்து வந்திருந்த பெரியவரின் மகன் ஒருத்தர்தான். அவர் அப்போது பின்பக்கம் வேப்ப மரத்தடியில் மொட்டையடித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க, நான் வந்து…" அச்!

"அழாதம்மா. கடைசி வரைக்கும் ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"ஐயோ, நான் சமாதியப் பாக்க…"

"பாக்கலாம்மா, பாக்காம என்ன? காரியமெல்லாம் முடியட்டும், தோப்புலயே கட்டிடுவோம். ஒன் விருப்பம்தான்."

இதற்குள் ஒருவர் செல்வத்தின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "இது யாரு, மாப்பிள்ளையா? கல்யாணம் ஆயிடுச்சா?"

எதைக் கேட்டாலும் உண்மையை மட்டும் சொல்கிற செல்வம், "ஆமாங்க, நாப்பது நாள் ஆச்சு" என்றார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "நாப்பது நாள் ஆச்சாம். நமக்கெல்லாம் ஒரு பத்திரிகைகூட இல்ல, பாத்தியா?" "நமக்கு விடு. தாத்தாவுக்கே சொல்லலன்னா பாரேன்." "சிங்கப்பூருல அப்படித்தான்ப்பா." ஒரு துக்கத்துக்கு நடுவில் ஒரு குடும்பச் சண்டைக்கே விதை போட்டாயிற்று. அதைப் போட்டது நாங்கள் இரண்டு பேர், அந்தக் குடும்பத்துக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மீசைக்காரர் என் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியை வைத்தார். வாய்க்கரிசி. நான் பெரியவரின் தலைமாட்டில் நின்றேன். இவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. நெற்றியில் விபூதி, ஒரு பக்கமாகச் சாய்ந்த மூக்குக் கண்ணாடித் தடம். ராஜா ராணிகளைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு கேள்விதான் வந்தது. இவர் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? அவள் போட வேண்டிய அரிசியை நான் போட்டுவிட்டால், அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்?

கையை இறுக மூடிக்கொண்டு, எப்படியாவது சொல்லிவிடுவது என்று தலையைத் தூக்கினேன். பெரியவரின் கால்மாட்டில், கையில் துளசி மாலையோடு, எனக்கு விருந்து வைக்க வேண்டிய பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். செல்வம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் ஒரே எழுத்துதான் ஓடியது: வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம்.

(இறந்தவர் பெரியப்பாவோடு தினமும் காலையில் நடைப்பயிற்சி போய்வந்தவர். விருந்து நாளில் சுடுகாட்டுக்குப் போகிறேன் என்றால் பெரியம்மா விடமாட்டார் என்பதால், வாழை இலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்.)

பெரியப்பாதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "ஏங்க, இது நம்ம வீட்டுப் பொண்ணுங்க!" என்றார்.

மீசைக்காரர் தலையாட்டினார். "இந்த நேரத்துல இப்படிச் சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும்ங்க. எல்லாரும் ஒரே வீடுதான்."

"அட அதில்லைங்க, இது எங்க தங்கச்சி மருமகளுங்க!"

அந்த நேரம் பார்த்துப் புது மொட்டையில் சந்தனத்தோடு மகன் வந்து சேர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றார். பூமி பிளந்து நம்மை விழுங்காதா என்று ஏங்குவதற்குச் சுடுகாட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

"மன்னிச்சுக்குங்க. நான் பேத்தி இல்ல. அந்தப் பக்கம் ராஜா சமாதியப் பாக்க வந்தேன். சொல்லத்தான் பாத்தேன், தும்மல் விடல" என்று ஒரே மூச்சில் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. மீசைக்காரர் மட்டும், "கல்யாணம் ஆயிடுச்சுன்னப்பவே நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. என் வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். ஜீன்ஸும் கசங்கிய சட்டையும், தூங்காத கண்ணும். என்னைவிட அவள்தான் அங்கே அந்நியமாக இருந்தாள். மொட்டைத் தலையோடு நின்ற தன் மாமாவையே அவளுக்கு உடனே தெரியவில்லை. நாற்பது ஆண்கள், ஒரு பெண், அந்தப் பெண் நான். நேராக என்னிடம் வந்து, "அக்கா, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

இத்தனை நேரமும் மூடியிருந்த கையைத் திறந்து, அரிசியை அவள் கையில் கொட்டினேன். வியர்வையில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்துப் போட்டேன். "மூணு தடவை போடணும். மெதுவாப் போடு" என்றேன். மற்ற கையால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பெரியவரை உள்ளே கொண்டு போகும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பெயர் நித்யா என்பதையும் அவள் போன் நம்பரையும் கிளம்பும்போதுதான் கேட்டுக்கொண்டேன்.

மணி பன்னிரண்டே கால். இனித்தான் பிரச்சினையே. குளிக்காமல் விருந்து வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அங்கிருந்த குழாயடியில் நாற்பது பேர் வரிசை. ஆற்றில் மணல். "வாங்க, எனக்கு ஒரு எடம் தெரியும்" என்று பெரியப்பா எங்களை வயல் பக்கம் கூட்டிப் போனார். கோடை நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஒரு போர் செட். நாங்கள் போன நேரம் மோட்டார் ஓடவில்லை; வயல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

செல்வம் வாழ்க்கையில் முதல் முறையாக என் முன்னால் நிமிர்ந்து நடந்தார். "ஸ்டார்ட்டரைத் தெறங்க, நான் பாக்கிறேன்" என்றார். அவ்வளவு நேரமும் வாயடைத்து நின்ற மனிதர், ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஐந்து நிமிஷத்தில் மோட்டாரை ஓட்டிவிட்டார். வயல்காரர் மகிழ்ந்துபோய், தொட்டியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்கச் சொன்னார். சுடிதாரோடு நானும், வேட்டியோடு அவர்களும் முறை போட்டு முங்கினோம். கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொண்ட பெட்டியோடு மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். மாற்றுத் துணி இல்லாத பெரியப்பாவுக்குச் செல்வம் அதே பெட்டியிலிருந்த தன் கல்யாண வேட்டியைக் கொடுத்தார். வழியில் மறக்காமல் வாழை இலையும் வாங்கினோம்.

ஆட்டோவில் மூவரும் கதையைச் சரிபார்த்தோம். நாங்கள் பெரிய கோயிலுக்குப் போனோம். பெரியப்பா இலைக் கடையில் எங்களைத் தற்செயலாகப் பார்த்தார். "அதுக்கு மேல யாரும் ஒரு வார்த்தை பேச வேணாம்" என்றார் பெரியப்பா.

ஒன்றே கால் மணிக்கு ஆலாத்தித் தட்டோடு பெரியம்மா வாசலில் நின்றார். ஈரத் தலையோடு வந்த மூன்று பேரைச் சுற்றினார், பொட்டு வைத்தார், உட்காரச் சொன்னார். இலை போட்டு, வடை, பாயசம், கூட்டு என்று ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரிய கோயில்ல கூட்டமா?"

"ஆமா பெரியம்மா. நல்ல கூட்டம்."

"தரிசனம் நல்லா கெடச்சுதா?"

"ரொம்பக் கிட்டத்துலயே கெடச்சுது."

"மாலையெல்லாம் நெறைய போட்டிருந்தாங்களோ?"

"ஆமா…"

"கடைசியா ஒரு பிடி அரிசிகூடக் குடுத்தாங்களே?"

பெரியப்பாவின் கையிலிருந்த வடை இலையில் விழுந்தது. பெரியம்மா அடுக்களைக்குள் போய், உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்து வந்தார். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக அந்தக் குடும்பம் இறுதிச் சடங்கை நேரலையில் விட்டிருக்கிறது. இறந்தவரின் மனைவி பெரியம்மாவுக்குத் தோழி. விருந்துச் சமையலை விட்டுப் போக முடியாமல், அடுப்படியிலிருந்தே பார்த்திருக்கிறார். திரையில் பட்டப்பகல் வெளிச்சத்தில் நான், கையில் அரிசி. கால்மாட்டில் பெரியப்பா, கையில் மாலை. பின்னால் செல்வம், சுடுகாட்டில் கல்யாண வாழ்த்து வாங்கிக்கொண்டு.

"இலை வாங்க மூணு மணி நேரம். போனப்ப நாலு முழ வேட்டி, வந்தப்ப ஜரிகை வேட்டி" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார். "சரி, கீழ என்ன எழுதியிருக்குன்னு படி."

நேரலைக்கு அடியில் துபாயிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ உறவுகள் எழுதியிருந்தார்கள். பேத்தி வந்துவிட்டாள். பாவம், எப்படி அழுகிறாள். நல்ல குணம். அதற்குக் கீழே யாரோ ஒரு அத்தை: அந்த மூக்கைப் பாருங்கள், அச்சு அசல் தாத்தா மூக்கு. அதற்கு முப்பது பேர் ஆமோதித்திருந்தார்கள். 

நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பெரியம்மா அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் பாதி தோழிக்கானது என்று நினைக்கிறேன். "விருந்து சமைக்கிற அடுப்படியில சாவ ஓட விட்டேன். நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. ஒங்க அம்மாகிட்ட யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் செல்வத்திடம். அப்புறம் எங்கள் மூவரையும் மஞ்சள் தண்ணீரில் மறுபடி குளிக்க வைத்துவிட்டுத்தான் பாயசத்தைக் குடிக்க விட்டார்.

அந்த ரகசியம் சரியாக ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் ஒரு காதுகுத்தில் பெரியம்மாவே என் மாமியாரிடம் போனைக் காட்டிவிட்டார். மாமியார் முழுதும் பார்த்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நித்யா சிங்கப்பூரிலிருந்து என்னைக் கூப்பிட்டு அழுதபோது, போனை என் கையிலிருந்து வாங்கி, "சாப்பிட்டியாம்மா?" என்று அவளிடம்தான் முதலில் பேசினார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் கையில் வாங்கிய மாமியார், ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கண்ணு செல்வம். நெத்தி எங்க மாமனாரு." மூக்குக்கு வந்ததும் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தார். "மூக்கு மட்டும் பேராவூரணி."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "ஓ, அங்க ஒங்களுக்குச் சொந்தம் இருக்காங்களா?" என்று விசாரித்தார்.

"இருக்காங்கம்மா" என்றார் மாமியார், குழந்தையை ஆட்டிக்கொண்டே. "இவ ராஜாவப் பாக்கப் போயி சேத்துக்கிட்டு வந்த சொந்தம்."